ஃப்ரேமுக்குள் வந்துவிட்ட பிளாஸ்டிக் குடம்

மதுரையில் கேமரா வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு காலண்டர் உண்டு. பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். தைப்பூசத்துக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். சித்திரையில் திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை, ஆற்றில் இறங்குகிற அழகர். இவை எதுவும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் இடங்கள் இருக்கின்றன. விடிவதற்கு முன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக்குளம், யானைமலையைப் பின்னால் வைத்து நாற்று நடுகிற பெண்கள், நாயக்கர் மகால் தூண்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து விழுகிற நேரம். எந்த மாதம் எந்தப் பக்கம் நின்றால் வெளிச்சம் எப்படி விழும் என்பது எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் அத்துப்படி.

இந்தப் படங்கள் அத்தனையும் என்னிடமும் இருக்கின்றன. மோசம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்துவைத்து உட்காருகிற இரவுகளில் என் கை அவற்றில் நிற்பதில்லை. தாமரைக்குளத்தை விறுவிறுவென்று தாண்டிப் போய்விடுகிறது. அது நிற்கிற படங்கள் வேறு மாதிரி. வேறு எதற்கோ எடுத்தது, ஓரத்தில் ஏதோ நுழைந்துவிட்டது, "சுத்தமா வரலையே" என்று அப்போது ஒதுக்கி வைத்தது. காசுக்கு எடுக்கிறவன் இல்லை நான். கல்யாண ஆர்டர் கிடையாது, பத்திரிகைக்காரர் யாரும் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. அப்படியிருக்க, எந்தப் படம் நல்ல படம் என்பதை மட்டும் ஏன் இத்தனை காலம் மற்றவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

ஒரு சித்திரைத் திருவிழாப் படத்தைச் சொல்கிறேன். அழகர் வேஷம் கட்டிய ஒரு பெரியவர். தலையில் உருமால், தோளில் தண்ணீர் பீய்ச்சுகிற தோல் துருத்தி. தெருவோரம் நிழலில் சற்று ஒதுங்கி நிற்கிறார். முகத்தில் களைப்பு, பக்கவாட்டிலிருந்து நல்ல வெளிச்சம். அவர் காலடியில் தொடங்கி, படத்தின் வலது ஓரம் வரை பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. முதல் குடம் அடர் பச்சை. அதன் கழுத்தில் வெள்ளை பெயின்ட்டால் ஓர் எழுத்து. இதை ஒரு போட்டிக்கு அனுப்பியிருந்தேன். நடுவராக வந்தவர் திரையில் பார்த்ததும், "அருமையான முகம் சார். அந்தக் கொடம் மட்டும் இல்லேன்னா பிரைஸ்தான்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கெல்லாம் சொல்லித்தரப்பட்ட பாடம் அதுதான். பளிச்சென்ற நிறம் கண்ணை இழுக்கும். எழுத்து அதைவிட இழுக்கும். ஷட்டரை அமுக்குவதற்கு முன் நாலு ஓரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொள், வேண்டாததை வெளியே தள்ளு, முடியாவிட்டால் ரெண்டு எட்டு முன்னால் போ. புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நல்ல பாடம்தான், ஒரு கட்டம் வரைக்கும்.

அந்த வருடம் கோடை கடுமை. குடங்கள் நின்றது லாரித் தண்ணீருக்காக. வரிசையில் மாறிப்போகக் கூடாதென்று வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்தைக் குடத்தில் எழுதிவைப்பது எங்கள் தெருக்களில் வழக்கம். அதே வாரம்தான், அழகர் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஆற்றில் சாமிக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, தெருவில் குடம் காத்துக்கொண்டிருக்கிறது, நடுவில் சாமி மேல் தண்ணீர் பீய்ச்சக் கிளம்பிய மனிதர் துருத்தியோடு நிற்கிறார். எடுக்கும்போது இவ்வளவும் என் மண்டையில் ஓடியது என்று பொய் சொல்ல மாட்டேன். முகத்துக்காகத்தான் எடுத்தேன். ஆனால் குடத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது வேஷம் கட்டிய ஒரு பெரியவரின் முகம். அப்படிப்பட்ட முகங்கள் இந்த ஊரில் எத்தனையோ மெமரி கார்டுகளில் தூங்குகின்றன.

பறவைப் படம் எடுக்கிற நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் இன்னும் சூடாகும். இயற்கைப் பிரிவு என்றால் மனிதன் செய்த பொருள் எதுவும் படத்தில் தெரியக் கூடாது என்பது சர்வதேசப் போட்டிகளிலேயே இருக்கிற விதி. வேலிக்கம்பி ஒன்று தெரிந்தால் போச்சு. ஆனால் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்தோடு நிற்காமல் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கீழே எச்சம், மேலே இரைச்சல், காற்றில் மீன் நாற்றம். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை, பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது நம்பிக்கை. எங்களுக்குக் கொஞ்சம் கிட்டத்தில், சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டுவிட்டார்கள், பறவைகள் மிரண்டுவிடும் என்று.

இப்படிப்பட்ட ஊரில் மாடிக் கம்பி, கேபிள் ஒயர், துணிக்கொடி எதுவும் தெரியாமல் நாரையை மட்டும் உருவியெடுக்க, தூரத்தை இழுத்துக் காட்டுகிற 600எம்எம் லென்ஸ் வேண்டும். எடுக்கிறார்கள், பிரமாதமாகவே எடுக்கிறார்கள். இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ஆனால் அந்த நாரை ராஜஸ்தானில் பரத்பூரில் நின்றாலும் அப்படியேதான் இருக்கும். கூந்தன்குளத்து நாரை என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியது அந்தத் துணிக்கொடி ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், விதியை முழுசாகப் படித்தால் அதில் விலக்கு இருக்கிறது. மனிதர்கள் மாற்றியமைத்த இடத்துக்குப் பழகிக்கொண்ட கூகை, நாரை போன்றவற்றின் படத்தில், கதைக்கு அவசியமென்றால் மனிதப் பொருள் இருக்கலாம் என்று நாரையின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். விதியில் இருக்கிற தாராளம் நடுவர் மேசை வரைக்கும் வந்து சேர்வதில்லை.

லென்ஸ் பற்றி அதிகம் பேச மாட்டேன், பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஒன்று மட்டும். கேமராவோடு வந்த லென்ஸுக்குப் பிறகு எல்லாரும் முதலில் வாங்குவது 50எம்எம் எஃப் 1.8. விலை குறைவு, கண்ணாடி நல்ல கண்ணாடி. வாங்கிய மறுநாளே அதை எஃப் 1.8-ல், அதாவது லென்ஸின் துளையை முழுசாகத் திறந்துவைத்து, வீட்டிலிருக்கிற எல்லாரையும் எடுத்தாகிவிடும். கண் ஷார்ப்பாக இருக்கும், காது மங்கிவிடும், பின்னால் இருந்த வீடு காணாமல் போய்விடும். போனில் போர்ட்ரெய்ட் மோடு இதையே கணக்குப் போட்டுச் செய்கிறது. சில நேரம் தோட்டையும் சேர்த்து மங்கலாக்கிவிடுகிறது. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை படத்தைப் பார்க்கும்போது, தன் முகத்தைக் கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்குச் சுவரில் என்ன நிறம், டிவி மேல் என்ன இருந்தது, ஜன்னலுக்கு வெளியே இருந்த முருங்கை மரம் எவ்வளவு உயரம் என்பதை வேறு எங்கே பார்ப்பது? நான் இப்போது பெரும்பாலும் 35எம்எம் போட்டு, துளையைச் சுருக்கி எஃப் 8-ல் வைத்துவிடுகிறேன். பத்தடியில் ஃபோகஸை நிறுத்தினால், எதிரே நிற்கிறவரும் அவர் பின்னால் இருக்கிற கடைப் பலகையும் படிக்கிற அளவுக்கு வந்துவிடும். இருட்டினால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்வை, ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்சம் புள்ளி தட்டும், தட்டட்டும்.

புதுமண்டபத்துக்கு வருகிறேன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. நான் பார்த்த காலமெல்லாம் அது ஒரு கடைவீதி. யாளித் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின், நாயக்க மன்னர் சிலைக்குப் பக்கத்தில் வளையல் அடுக்கு, அப்புறம் குங்குமம், பித்தளைச் சாமான், பாடப்புத்தகம், பள்ளிச் சீருடை. சித்திரை நெருங்கினால் அழகர் வேஷத்துக்கான உடுப்புகள் அங்கேதான் தைத்துத் தொங்கும், சிவப்பும் மஞ்சளுமாக. சிற்பம் எடுக்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் பெரிய தொல்லை. கடை திறப்பதற்கு முன் வருவார்கள். இல்லாவிட்டால் தார்ப்பாய்க்கு மேலே, தூணின் தலைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். வேலை முடிந்து சாயங்காலம்தான் எனக்குத் தோதுப்படும் என்பதால், என் படங்களில் ஆளும் மிஷினும் டியூப் லைட்டும் துணியும் கட்டாயம் இருக்கும்.

ஒருநாள் தையல்காரர் ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, செலயத்தானே எடுக்குறீங்க? நான் வேணா அங்கிட்டு நகந்துக்கிறேன்."

"இருங்கண்ணே, நீங்களுந்தான் வேணும்."

நம்பாமல் பார்த்தார். பிறகு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, அளவு டேப்பைக் கழுத்தில் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு, கேமராவை நேராகப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்தார். எங்கள் ஆட்கள் இதைப் படம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆள் கேமராவைக் கவனித்துவிட்டால் போச்சு, தெரியாமல் எடுத்தால்தான் உயிர் இருக்கும் என்பார்கள். எனக்கு இப்போது அப்படித் தோன்றுவதில்லை. தெரியாமல் எடுத்தால் அவர் எப்படி இருந்தார் என்று நான் முடிவு செய்கிறேன். உட்கார்த்திவைத்து எடுத்தால், தான் எப்படித் தெரிய வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார். டேப்பைச் சமமாகத் தொங்கவிட்டதில் அவருக்குத் தன் தொழிலைப் பற்றி இருந்த எண்ணம் முழுக்க வந்துவிட்டது. பிரின்ட் போட்டுக் கொடுத்தபோது மிஷின் மேலிருந்த பிராண்டு பெயரை விரலால் தொட்டு, "இதுவும் விழுந்துருக்கே" என்று அதைத்தான் முதலில் சொன்னார்.

சில வருடங்களுக்கு முன் அந்தக் கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான், அந்தத் தூண்கள் தாங்கிய ஆணியும் கயிறும் கொஞ்சமா? அதில் எனக்கு வருத்தம் இல்லை. சிற்பத்தை நாளைக்கும் எடுக்கலாம், என் பேரப்பிள்ளை வந்தும் எடுக்கலாம். யாளியின் காலடியில் தையல் மிஷின் இருந்த படம் மட்டும் இனி யாருக்கும் கிடைக்காது. பத்து வருடம் முன்பு வரை அது தொந்தரவு என்று எல்லாரும் ஒதுக்கிய படம்.

இதே மண்டபத்தை 1858 தொடக்கத்தில் ஒருவர் படம் எடுத்திருக்கிறார். லின்னேயஸ் டிரைப். சென்னை ராணுவத்தில் கேப்டன், அரசாங்கத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை என்று அந்த ஒரே சுற்றில் எடுத்துத் தள்ளியிருக்கிறார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களை அதிகம் பயன்படுத்தியவர். அந்தக் கால ரசாயனத்துக்கு நீல வெளிச்சம் மட்டும் தாராளமாகத் தெரியும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும். டிரைப் நெகட்டிவின் மேல் கையாலேயே மேகம் வரைந்து சேர்த்தார். ஃபோட்டோஷாப்பில் வானம் மாற்றுகிறவர்களைத் திட்டுகிற நண்பர்களிடம் இதைச் சொல்லிக் கலாய்ப்பது என் பொழுதுபோக்கு.

அவர் படங்களைப் பிரிட்டிஷ் நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்றவை இணையத்தில் போட்டிருக்கின்றன. நாயக்கர் மகாலைச் சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு பழுதுபார்த்தது 1866-க்குப் பிறகு. டிரைப் பார்த்தது அதற்கு முந்தைய இடிபாடு. வைகையைத் தரைப்பாலத்தோடு எடுத்திருக்கிறார். ஆற்றின் மேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்தது 1889-ல்தான். விளக்குத்தூணையும் விடவில்லை. நான் அவற்றில் தேடுவது கட்டடத்தை இல்லை. கட்டடம் இன்றைக்கும் இருக்கிறது. மூலையில் கிடக்கிற கல், ஓலைக்கூரை, ஆள் அசைந்ததால் புகையாகிப்போன உருவம், இவற்றைத்தான் கண் தேடுகிறது. எக்ஸ்போஷர் நேரம் நீளம் என்பதால் தெருவில் நடந்தவர்கள் பெரும்பாலும் படத்தில் பதியவே இல்லை. 1858-ல் மதுரை காலி ஊராகவா இருந்திருக்கும்? படத்தில் மட்டும் அப்படி இருக்கிறது. கோயிலையும் மகாலையும் கேட்டு அனுப்பிய அரசாங்கத்துக்கு அதில் குறையொன்றும் தெரிந்திருக்காது. எனக்குத்தான், அந்தத் தரைப்பாலத்தில் ஒரு மாட்டுவண்டியாவது தெளிவாக நின்றிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

டிரைப் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுத் தொகுதி. விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடுகிற எழுத்துகளைக் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 பிரின்ட்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார். அதில் கோபுரம் இல்லை, வானம் இல்லை, மனிதர் இல்லை. எங்கள் நடுவரிடம் காட்டினால் "மெயின் சப்ஜெக்ட் எது சார்?" என்று கேட்பார். கல்லும் எழுத்தும், தொடங்கின இடத்திலிருந்து முடிகிற இடம் வரை. அழகாக எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தைவிட, ஒரு எழுத்தும் விட்டுப்போகக் கூடாது என்ற கவலைதான் அதில் தெரிகிறது. அடுத்த வருடமே புதிதாக வந்த கவர்னர் டிரெவெல்யன், இந்தப் புகைப்பட வேலையே வீண் செலவு என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். நம் ஊரில் நல்ல காரியங்களுக்கு நேர்வது அப்போதும் அதேதான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸோன். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். அதே வருடம் மதுரையிலும் எடுத்திருக்கிறார். அந்தப் படத்தைப் புகைப்படப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள்: எலும்பும் தோலுமான குழந்தையைக் கையில் ஏந்திய தாய், பின்னால் ஒரு வண்டிச்சக்கரம். சக்கரத்தின் ஆரக்கால்களும் பிள்ளையின் விலா எலும்புகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை போல இருக்கும். எப்பேர்ப்பட்ட கண் என்று முதலில் மலைத்தேன். இன்றைக்கும் மலைப்பு குறையவில்லை. ஆனால் ஊர்க்காரனாகப் பார்க்கும்போது மனசு கேட்கிற கேள்வி வேறு. இது எந்தத் தெரு? யாருடைய வண்டி? அந்தப் பிள்ளை பிழைத்ததா? அந்தத் தாய்க்கு ஒரு பெயர் இருந்திருக்குமே? படத்துக்குக் கீழே ஊரும் வருடமும் இருக்கின்றன, அவ்வளவுதான். ஃப்ரேம் அத்தனை கச்சிதமாக மூடிக்கொண்டிருப்பதால் உள்ளே நுழைய வழியில்லை. ஓரத்தில் ஒரு கடைப் பலகை, ஒரு திண்ணை தெரிந்திருந்தால் எங்கள் ஊர்ப் பெரிசு யாராவது "இது இன்ன தெரு" என்று அப்போதே சொல்லியிருப்பார். படம் அதனால் கொஞ்சம் கெட்டிருக்கும். கெட்டிருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொன்னதற்காக ஒரு நண்பர் என்னோடு வெகுநாள் பேசவில்லை.

என் அப்பத்தா கேமரா முன்னால் நின்றதே இல்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று உறுதியாக நம்பியவள். "என்னைய விட்டுர்றா, நான் இன்னும் நாலு காலம் இருக்கணும்" என்பாள். அவள் இறந்த பிறகு மாட்டுவதற்குப் படம் இல்லை. தேடித் தேடி, என் அக்காவின் காதுகுத்துப் படத்தில், இடது ஓரத்தில், சமையற்கட்டு நிலைப்படியில் பாதி உடம்பு தெரிய நிற்பதைக் கண்டுபிடித்தோம். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஸ்டூடியோக்காரர் அந்தப் பாதியை வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, காணாத தோளை வரைந்து சேர்த்து, சுருக்கத்தை நீக்கி, பட்டுச்சேலை கட்டி, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுத்தார். அன்றைய ஸ்டூடியோக்களில் இது தினப்படி வேலை. அந்தப் படம்தான் மாலையும் பொட்டுமாக இன்றும் கூடத்தில் இருக்கிறது. விசேஷ நாளில் விழுந்து கும்பிடுகிறோம். ஆனால் அந்த அம்மாள் எனக்கு யாரோ.

எனக்குத் தெரிந்த அப்பத்தா அந்தக் காதுகுத்துப் படத்தின் ஓரத்தில்தான் இருக்கிறாள். இடுப்பில் சுருக்குப்பை, கையில் ஈரம் துடைத்த முந்தானை, பின்னால் இருட்டில் எவர்சில்வர் அண்டா, நிலைக்கு மேலே காய்ந்த மாவிலைத் தோரணம். நடுவில் மொட்டைத் தலையோடு அழுகிற அக்கா, மாமன் மடி, ஆசாரி. எடுத்தவருக்கு வேண்டியது நடுவில் இருந்ததுதான். அப்பத்தா தவறி உள்ளே வந்தவள். நல்லவேளை, அந்தப் போட்டோகிராபர் ஓரங்களைச் சுத்தம் செய்கிற பாடம் படிக்காதவர்.

பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை, 1880 முதல் 1980 வரையான ஒரு நூற்றாண்டுக்கு, தேடி ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணத் திட்டத்தில் அவை பார்க்கக் கிடைக்கின்றன. பழைய ஸ்டூடியோப் படங்கள் எங்கே கிடைத்தாலும், பிரின்ட்டைவிட வெட்டாத நெகட்டிவைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். பிரின்ட்டில் தம்பதி அரண்மனைத் தோட்டத்தில் நிற்பார்கள். நெகட்டிவில் தோட்டம் ஓர் இடத்தில் முடிந்து, திரைச்சீலையின் விளிம்பும் காரை பெயர்ந்த சுவரும் தெரியும். எனக்கு அந்த இரண்டாவதில்தான் அவர்கள் நிஜமாக நிற்கிறார்கள். தோட்டத்தைக் காட்டிய திரைக்கும் சுவருக்கும் நடுவே, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பார்க்கிற பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போனில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரத்தில், நடுவில் இருப்பது மட்டும்தான் தெரியும். அந்த வேகத்துக்கு ஏற்ற மாதிரிதான் படமும் எடுக்கத் தோன்றும்: ஒரே ஆள், ஒரே நிறம், பின்னால் ஒன்றுமில்லை. நான் மாதம் கொஞ்சம் படங்களை 4க்கு 6-ல் பிரின்ட் போட்டு மேசையில் பரப்பிவைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகிற வழியில் யாராவது குனிந்து பார்ப்பார்கள். என் மனைவி கண்டுபிடிக்கிறவை எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். "இந்தக் கடையில அப்ப பால்பாக்கெட் இந்த விலைக்கா வித்தது?" என்பாள். நான் எடுத்த முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. முதலில் கோபம் வரும், இப்போது அவள் சொல்வதை அந்தப் பிரின்ட்டின் பின்னாலேயே குறித்துக்கொள்கிறேன்.

பென்சிலால் குறியுங்கள், பால்பாயின்ட் வேண்டாம். மை அடுத்த படத்தில் ஒட்டும், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பசை தடவிய பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடுகிற ஆல்பங்களில் படம் வைக்காதீர்கள், எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் மஞ்சளாகி அந்தப் பசையோடு ஒன்றிப்போய்விட்டது. எண்பதுகளின் கலர் பிரின்ட்கள் சிவந்துகொண்டே வருகின்றன, அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளை அப்படியே இருக்கிறது; ஸ்கேன் செய்வதானால் கலரில் தொடங்குங்கள். டிஜிட்டலில் தேதியும் நேரமும் ஃபைலுக்குள்ளேயே பதிவாகும், கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தால். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அந்தத் தகவல் போய்விடும், தரமும் குறைந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பெயர், ஊர், தேதி. யார் யார் என்று எழுதாத குடும்பப் படத்தை இரண்டு தலைமுறை கழித்து எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு, அந்த மதுரைத் தாயைப் பார்க்கும்போது எனக்கு வருகிற அதே கேள்விகள்தான் வரும்.

முகம் தெரிகிற மாதிரி யாரையாவது எடுத்தால் கேட்டுவிட்டு எடுக்கிறேன். முடிந்தால் பிரின்ட் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கூட்டத்தில் இது எப்போதும் நடப்பதில்லை என்பதும் தெரியும். தேர் அன்றைக்கு மாசி வீதியில் நிற்கிற எல்லாரிடமும் யார் கேட்பது?

சமீபத்தில் ஒரு போன். தெற்கு மாசி வீதியில் அவருடைய அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தாராம். கடையை விற்றுப் பல காலம் ஆகிவிட்டது, அப்பாவும் இல்லை. கடையின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. யாரோ என் நம்பரைக் கொடுத்து, "அவர் கண்டதையும் எடுத்து வச்சிருப்பாரு" என்று சொல்லியிருக்கிறார்கள். தேடினேன். தேர் திரும்புகிற ஒரு படத்தில், வடத்துக்கும் கூட்டத்துக்கும் பின்னால், வலது ஓரத்தில் பாதிப் பலகை இருந்தது. ஊர்ப் பெயரும் "மருந்து" என்ற சொல்லும் மட்டும் தெரிகிறது.

"பாதி போர்டுதான் இருக்கு சார், பரவாயில்லையா?"

"அது போதும் சார். உள்ள எங்கப்பா இருக்காரான்னு மட்டும் கொஞ்சம் பாருங்க."

பெரிதாக்கிப் பார்த்தேன். தெருவே கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. கல்லாவில் கட்டம்போட்ட சட்டை போட்ட ஒருவர் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறார். வெட்டாமல், முழுப் படத்தையும் டாக்குமென்ட்டாக அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "அவரேதான் சார். சாமி வந்தாலும் கணக்க முடிச்சிட்டுத்தான் திரும்புவாரு."